கழுத்து முறுக்குக்கு ஊசியும் பயிற்சியும்: முதல் 12 வாரங்களைத் திட்டமிடும் முறை

தலை தானாக ஒரு பக்கம் திரும்பிக்கொள்கிறது. நேராக வைக்க முயன்றால் நடுங்குகிறது. கவனம் சற்றுத் தப்பினால் மீண்டும் அதே பக்கம் போய்விடுகிறது. மாதக்கணக்கில் தைலம் தேய்த்து, காலர் போட்டு, எக்ஸ்ரே எடுத்து அலைந்த பிறகு, நரம்பியல் மருத்துவர் ஒருவர் "செர்விகல் டிஸ்டோனியா" (கழுத்து முறுக்கு நோய்) என்று சீட்டில் எழுதி, ஊசி போட வேண்டும், பிசியோதெரபியும் செய்ய வேண்டும் என்று சொல்லியிருந்தால், இக்கட்டுரை உங்களுக்காக எழுதப்பட்டது. புதுச்சேரியிலும் கடலூர்ப் பகுதியிலும் இச்சிகிச்சையைப் புதிதாகத் தொடங்குபவர்களை மனத்தில் வைத்தே எழுதுகிறேன்.

போட்டுலினம் டாக்ஸின் என்ற மருந்தைக் கொண்ட இந்த ஊசி தசையைத் தளர்த்திச் சில வார அவகாசத்தைத் தருகிறது. தலையை நடுவில் நிறுத்த அந்த அவகாசத்துக்குள் கற்றுக்கொள்வதுதான் பயிற்சியின் வேலை. நம் ஊர்களில் ஊசி ஒரு மருத்துவமனையிலும், பயிற்சி வீட்டுக்கு அருகில் உள்ள வேறொரு மையத்திலும், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத தேதிகளில் நடப்பதால்தான் இரண்டின் பலனும் பாதியாகிவிடுகிறது என்பது என் கருத்து. ஆகவே இங்கே சொல்லப்படும் படிகள் அனைத்தும் ஊசி போட்ட நாளை மையமாக வைத்து எண்ணப்படுபவை.

முதல் படி: இது சுளுக்கோ தேய்மானமோ அல்ல என்று உறுதி செய்துகொள்ளுதல்

சாதாரணக் கழுத்துப் பிடிப்பு சில நாள்களில் விட்டுவிடும். டிஸ்டோனியா அப்படிப் போகாது. மூளையின் ஆழத்தில் உள்ள பேசல் கேங்லியா என்ற பகுதியும் அதனோடு இணைந்த நரம்புப் பாதைகளும் தசைகளுக்கு அனுப்பும் கட்டளை பிறழ்வதால் சில கழுத்துத் தசைகள் தேவையில்லாமல் இறுகுகின்றன. கோளாறு கட்டளையில் இருக்கிறது, தசையில் இல்லை. பெரும்பாலும் நடுத்தர வயதில் தொடங்கும் இந்நோய் ஆண்களைவிடப் பெண்களிடம் அதிகமாகக் காணப்படுகிறது. தலை பக்கவாட்டில் திரும்பலாம், தோள்பக்கம் சாயலாம், பின்னோக்கியோ முன்னோக்கியோ இழுக்கலாம். பலருக்கு இவற்றில் இரண்டு மூன்று கலந்தே இருக்கும். நடக்கும்போதும் மனஅழுத்தத்தின்போதும் அதிகரித்து, மல்லாந்து படுத்தால் தணிவது இதன் இயல்பு.

இன்னொரு அடையாளம் வியப்பானது. தாடையையோ கன்னத்தையோ பின்னந்தலையையோ விரலால் மெல்லத் தொட்டவுடன் தலை நேராகிவிடும். தொடுதலுக்குத் தள்ளும் வலு எதுவும் தேவையில்லை. சிலருக்குக் கையைத் தூக்கிய மாத்திரத்திலேயே தளர்வு வந்துவிடும். இதைப் பார்க்கும் உறவினர்கள் "தொட்டால் சரியாகிறது என்றால் இவர் வேண்டுமென்றே செய்கிறார்" என்று முடிவுகட்டிவிடுவதுண்டு. உண்மையில் இத்தொடுகைத் தந்திரம் நோயைக் கண்டறிய மருத்துவருக்கு உதவும் முக்கியமான குறி. பின்னர்ப் பயிற்சிக்கும் பயன்படும்.

மாத்திரைகளாலும் கழுத்து முறுக்கிக்கொள்ளலாம். வாந்திக்குத் தரப்படும் மெட்டோகுளோபிரமைடு, தலைச்சுற்றலுக்குப் பலர் மருந்துக்கடையில் தாமாகவே வாங்கிப் போட்டுக்கொள்ளும் ஸ்டெமெட்டில், மனநோய்க்கான ஹாலோபெரிடால் ஆகியவை இதில் அடங்கும். இத்தகைய மருந்தை உட்கொண்ட ஓரிரு நாளில் கழுத்தோ தாடையோ கண்களோ திடீரென இழுத்துக்கொண்டால் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். அங்கே உரிய ஊசியால் அது பெரும்பாலும் விரைவில் தணிந்துவிடும். காய்ச்சலோடு வரும் கழுத்து இறுக்கம், கீழே விழுந்த பிறகு வரும் கோணல், கை கால் பலவீனம், நடை தடுமாற்றம், சிறுநீர் கட்டுப்படாமை ஆகியவையும் காத்திருக்கக் கூடாதவை.

ஓர் எச்சரிக்கையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். சுளுக்கு எடுப்பவரிடமோ, முடிதிருத்தும் கடையிலோ கழுத்தைத் திருகிச் சொடக்கு எடுத்துக்கொள்ள வேண்டாம். கழுத்தின் வழியே மூளைக்குச் செல்லும் இரத்தக்குழாயின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வரும் ஆபத்து, அரிதானதே என்றாலும், உண்மையானது. டிஸ்டோனியா உள்ள கழுத்தில் அப்படித் திருகுவதால் பயனும் இல்லை.

இரண்டாம் படி: யாரிடம் செல்வது, எதைக் கொண்டு செல்வது

பார்க்க வேண்டியவர் நரம்பியல் மருத்துவர். அதிலும் அசைவுக் கோளாறுகளில் பயிற்சி பெற்றவராகவும், கழுத்துக்குப் போட்டுலினம் ஊசி போட்டுப் பழகியவராகவும் இருந்தால் நல்லது. புதுச்சேரியில் கோரிமேட்டில் உள்ள ஜிப்மரில் நரம்பியல் துறை இருக்கிறது. கடலூர், நெல்லிக்குப்பம், பண்ருட்டிப் பக்கத்தவர்கள் முதலில் கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனையில் காட்டிப் பரிந்துரைக் கடிதம் பெற்றுக்கொண்டு வந்தால், வெளிநோயாளர் பிரிவில் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியிராது. எங்கு சென்றாலும் இரண்டு கேள்விகளை நேரடியாகக் கேளுங்கள்: "கழுத்து டிஸ்டோனியாவுக்கு இங்கே ஊசி போடுகிறீர்களா? ஈ.எம்.ஜி. கருவி அல்லது அல்ட்ராசவுண்ட் பார்த்துப் போடுவீர்களா?" ஈ.எம்.ஜி. என்பது தசையின் மின்செயல்பாட்டைக் காட்டும் கருவி. கழுத்தின் ஆழத்தில் உள்ள தசைகளுக்கு இக்கருவிகளின் துணை மிகவும் உதவுகிறது.

கையில் கொண்டு செல்ல வேண்டியவற்றில் மிகவும் மதிப்புள்ளது எம்.ஆர்.ஐ. உறை அல்ல, செல்பேசியில் எடுத்த ஒரு காணொளி. இந்நோயில் ஸ்கேன் பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும்; வேறு காரணம் உண்டா என்று பார்ப்பதற்காகவே அதை எடுக்கச் சொல்கிறார்கள். இளவயதினருக்கு, செம்புச் சத்து உடலில் தேங்கும் வில்சன் நோய் இல்லை என்று உறுதிசெய்ய இரத்தப் பரிசோதனையும் கண் பரிசோதனையும் தேவைப்படலாம். மருத்துவரின் அறையில் பதற்றத்தாலோ, கவனமாக இருப்பதாலோ தலையின் நிலை மாறிவிடக்கூடும் என்பதால்தான் காணொளி தேவைப்படுகிறது.

அதை எடுக்கும் முறை எளிது. கழுத்தும் தோளும் தெரியும் உடையில், முதுகுச் சாய்வில்லாத ஸ்டூலில் உட்காருங்கள். ஒருவர் எதிரில் நின்று மார்பிலிருந்து தலை வரை தெரியும்படி எடுக்கட்டும். கண்களை மூடிக்கொண்டு, தலை எங்கு போக விரும்புகிறதோ அங்கே போகட்டும் என்று ஒரு நிமிடம் எதிர்க்காமல் விட்டுவிடுங்கள். இந்த ஒரு நிமிடம் மிக முக்கியமானது, ஏனென்றால் நாள்முழுதும் நீங்கள் எதிர்த்துப் பிடித்துக்கொண்டிருப்பதால் எந்தத் தசை இழுக்கிறது, எந்தத் தசை ஈடுகட்டுகிறது என்பது வெளியில் தெரிவதில்லை. பிறகு இருபக்கமும் திரும்பி, இருபக்கமும் சாய்த்து, மேலும் கீழும் பார்த்து, தொடுகைத் தந்திரத்தையும் செய்து காட்டி, பத்து அடி நடந்து முடியுங்கள். இதே காணொளியை இனி ஒவ்வொரு சுற்றிலும் (ஓர் ஊசியிலிருந்து அடுத்த ஊசி வரையிலான காலம் ஒரு சுற்று) அதே வெளிச்சத்தில், அதே ஸ்டூலில் எடுக்கப் போகிறீர்கள்.

மூன்றாம் படி: ஊசிக்கு முன்னரே பிசியோதெரபிஸ்டைப் பார்த்துவிடுதல்

ஊசி போட்டுப் பார்க்கலாம், தேவைப்பட்டால் பிறகு பயிற்சி என்றே பெரும்பாலோர் எண்ணுகிறார்கள். இந்த வரிசையை மாற்றுங்கள். ஊசிக்கு ஓரிரு வாரம் முன்னதாகப் பிசியோதெரபிஸ்டிடம் ஒருமுறையாவது சென்று, இப்போது தலை எவ்வளவு தூரம் திரும்புகிறது, எங்கே வலிக்கிறது, நடுக்கோட்டில் எத்தனை வினாடி நிறுத்த முடிகிறது என்பனவற்றை அளந்து எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். இந்நோயை அளப்பதற்கென்றே டொரொன்டோ அளவுகோல் என்ற ஒன்று உண்டு. அதில் மொத்தம் 85 புள்ளிகள். கோணலின் கடுமைக்கு 35, அன்றாட வேலை முடக்கத்துக்கு 30, வலிக்கு 20. மருத்துவரோ பிசியோதெரபிஸ்டோ அதைப் பயன்படுத்தினால் அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பிசியோதெரபிஸ்டைத் தேர்ந்தெடுப்பதில் நீங்கள் கண்டிப்பாக இருக்கலாம். நம் ஊர்களில் கழுத்து என்றாலே சூடு கொடுக்கும் பெட்டி, மின்தூண்டல் கருவி, பிறகு தலையில் பட்டை மாட்டி எடை தொங்கவிடும் டிராக்‌ஷன் என்று 20 நிமிடம் படுக்கவைத்து அனுப்பும் வழக்கம் பரவலாக இருக்கிறது. சூடு வலியைச் சற்று நேரம் தணிக்கும், அதில் குற்றமில்லை. ஆனால் படுத்துக்கொண்டு வாங்கிக்கொள்ளும் சிகிச்சை எதுவும் மூளைக்குப் புதிய பழக்கத்தைக் கற்றுத் தராது. டிராக்‌ஷன் தேய்மானத்துக்கென வந்த முறை. டிஸ்டோனியாவுக்கு அது வேண்டாம். நோயாளியைக் கண்ணாடி முன் உட்காரவைத்து, தாமே அசையச் சொல்லிப் பார்த்துத் திருத்துபவரைத் தேடுங்கள். இழுக்கும் தசையைத் தளர்த்தி, அதற்கு எதிரான தசையைத் தானாக வேலை செய்யப் பழக்கும் இவ்வழியைச் செம்மைப்படுத்தியவர்களில் முக்கியமானவர் பாரிஸைச் சேர்ந்த பிசியோதெரபிஸ்ட் ழான் பியேர் பிளெட்டன்.

பயிற்சி உண்மையிலேயே கூடுதல் பலன் தருகிறதா என்று கேட்பது நியாயமே. ஊசியின் பலன் பல பெரிய ஆய்வுகளில் உறுதியாக நிறுவப்பட்டது. பயிற்சி பற்றிய ஆய்வுகள் சிறியவை. அவற்றின் முடிவுகளும் ஒரே மாதிரி இல்லை. 2006-இல் வெளியான இத்தாலிய ஆய்வொன்றில், 40 நோயாளிகளுக்கு ஊசி மட்டும் போட்ட காலத்தையும், ஊசியோடு தீவிரப் பயிற்சியும் கொடுத்த காலத்தையும் ஒப்பிட்டபோது, பயிற்சி சேர்ந்த காலத்தில் பலன் நீடித்தது, அடுத்த ஊசிக்குத் தேவைப்பட்ட மருந்தளவும் குறைந்தது, வலியும் தணிந்தது. வேறு சில ஆய்வுகளில் இவ்வளவு வேறுபாடு தெரியவில்லை. முறையாகச் செய்த பயிற்சியால் தீங்கு வருவது அரிது என்பதால், இந்தச் சான்றே தொடங்கப் போதுமானது என்று கருதுகிறேன். ஊசியை விட்டுவிட்டுப் பயிற்சியால் மட்டும் சரிசெய்கிறேன் என்பவரை மட்டும் நம்ப வேண்டாம்.

நான்காம் படி: மருந்தைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியவை

ஊசியில் இருப்பது போட்டுலினம் டாக்ஸின். கெட்டுப்போன உணவில் நஞ்சை உண்டாக்கும் கிளாஸ்ட்ரிடியம் போட்டுலினம் என்ற பாக்டீரியாவிலிருந்து எடுத்துத் தூய்மைப்படுத்திய மருந்து இது. நரம்பின் நுனியிலிருந்து அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் வெளிவந்தால்தான் தசை சுருங்கும். அது வெளிவருவதை இம்மருந்து தடுக்கிறது. அமெரிக்காவில் 1989-இல் மாறுகண், இமை இறுக்கம் ஆகியவற்றுக்கு முதலில் அனுமதி பெற்றது. கழுத்து டிஸ்டோனியாவுக்கு 2000-இல் பெற்றது. முகச்சுருக்கத்துக்குப் போடும் அதே மருந்துதான், அளவும் இடமும் வேறு.

யூனிட் கணக்கில் குழப்பம் மிகுதி. போடாக்ஸ், டிஸ்போர்ட், ஜியோமின் என்று வெவ்வேறு பெயர்களில் வரும் மருந்துகளின் யூனிட்டுகள் ஒன்றுக்கொன்று சமமானவை அல்ல. டிஸ்போர்ட்டில் 500 யூனிட் என்பது வழக்கமான தொடக்க அளவு. போடாக்ஸில் ஏறத்தாழ 200 முதல் 300 யூனிட் வரை பலருக்குப் போதும். எனவே பக்கத்து வீட்டுக்காரருக்கு 200, எனக்கு மட்டும் 500 என்று பதற வேண்டியதில்லை. ஆனால் எந்தப் பெயருள்ள மருந்து, மொத்தம் எத்தனை யூனிட், எந்தெந்தத் தசையில் எவ்வளவு என்பதைச் சீட்டில் எழுதி வாங்காமல் வெளியே வரக்கூடாது. மருத்துவமனை மாற நேர்ந்தால், இந்தக் காகிதம் இல்லாத புது மருத்துவர் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

செலவு கணிசமானது, அதுவும் திரும்பத் திரும்ப வருவது. அரசு மருத்துவமனையில் மருந்து அங்கேயே கிடைக்குமா, வெளியில் வாங்கி வர வேண்டுமா, காப்பீட்டுத் திட்டத்தில் சேருமா என்பதை ஊசித் தேதிக்கு முன்பே மருத்துவ சமூகப் பணியாளரிடம் கேட்டுத் தெளியுங்கள். தனியார் காப்பீடு வைத்திருப்பவர்கள், ஒரு நாளில் முடியும் சிகிச்சைக்குப் பணம் தருவார்களா என்று எழுத்து வடிவில் பதில் வாங்கிக்கொள்வது நல்லது. வெளியில் வாங்கச் சொன்னால், மருந்தைக் குளிர்ப்பெட்டியில், பனிக்கட்டிப் பைகளோடு கொண்டுசெல்ல வேண்டும். கடலூரில் வாங்கி, சித்திரை வெயிலில் பையில் வைத்துப் பேருந்தில் எடுத்துவந்த குப்பியை நம்பி ஊசி போட்டுக்கொள்ளக் கூடாது. முடிந்தவரை மருத்துவமனையின் மருந்தகத்திலேயே வாங்குங்கள்.

கருவுற்றிருந்தால், பால் கொடுத்துக்கொண்டிருந்தால், மயஸ்தீனியா கிராவிஸ் போன்ற நரம்புத் தசை நோய் இருந்தால், ஏற்கெனவே விழுங்கச் சிரமம் இருந்தால், இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிட்டால், அண்மையில் ஜென்டாமைசின் வகை நுண்ணுயிர்க்கொல்லி ஊசி போட்டிருந்தால், மருத்துவரிடம் நீங்களாகவே சொல்லிவிட வேண்டும். அவர் கேட்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

ஐந்தாம் படி: ஊசி நாளும் அடுத்த இரண்டு வாரமும்

பொதுவாகப் பட்டினி இருக்கத் தேவையில்லை, மயக்க மருந்தும் இல்லை. கழுத்துப் பகுதி தளர்வாகத் திறக்கும் சட்டையோ ரவிக்கையோ அணிந்து செல்லுங்கள். மெல்லிய ஊசியால் பல இடங்களில் போடுவார்கள், ஈ.எம்.ஜி. கருவி இருந்தால், இறுகிய தசைக்குள் ஊசிமுனை நுழைந்ததும் இரைச்சல் கேட்கும். தலை வலப்பக்கம் திரும்புபவர் என்றால், பொதுவாக வலப்பக்கப் பின்கழுத்தில் உள்ள ஸ்ப்ளீனியஸ் தசையும், இடப்பக்க முன்கழுத்தில் காதுக்குப் பின்னிருந்து நெஞ்செலும்புக்குச் சாய்வாக இறங்கும் ஸ்டெர்னோகிளிடோமாஸ்டாய்டு தசையும் இலக்காக இருக்கும். தோள் உயர்ந்து நின்றால் டிரபீசியஸ், லெவேட்டர் ஸ்கேபுலே ஆகிய தோள் தூக்கும் தசைகளும் சேரும். அன்று ஊசி போட்ட இடத்தைப் பிசைந்து தேய்க்க வேண்டாம். மருத்துவர் வேறு விதமாகச் சொல்லாவிட்டால் அன்றே வீடு திரும்பலாம்.

மறுநாள் எழுந்து, ஒன்றும் மாறவில்லையே என்று சோர்ந்துபோவது இயல்பு. தளர்வு சில நாள்களில் தொடங்கி, 2 வாரத்துக்குள் தெளிவாகத் தெரியும். 4 முதல் 6 வாரத்தில் உச்சத்தை அடையும். இந்த முதல் இரண்டு வாரத்தில் பயிற்சியைவிடச் சாப்பாட்டில்தான் கவனம் தேவை. முன்கழுத்துத் தசையில் போட்ட மருந்து அருகில் உள்ள விழுங்கும் தசைகளுக்குக் கசிந்தால் விழுங்குவது சிரமமாகும். முன்பக்கத் தசையில், குறிப்பாக இருபுறமும் போட்டால், இதற்கு வாய்ப்பு கூடுதல். தொண்டையில் தங்குவதுபோல் உணர்ந்தால் காய்ந்த புட்டு, அவல், வறுத்த கடலை ஆகியவற்றை ஒதுக்கிவைத்து, குழைய வடித்த சோறு, இட்லி, தயிர் என்று மாறிக்கொள்ளுங்கள். கடலோர வீடுகளில் மீன் இல்லாத நாள் குறைவு. இந்த நாள்களில் முள் மிகுந்த மத்தியைத் தவிர்த்து, முள் நீக்கிய துண்டு மீனை எடுத்துக்கொள்ளலாம். நிமிர்ந்து உட்கார்ந்து, தாடையைச் சற்றே தாழ்த்திச் சிறுசிறு வாயாக விழுங்குவது பலருக்கு எளிதாக இருக்கும். தண்ணீர் குடித்தாலே புரையேறுவது, பேச்சு குழறுவது, மூச்சுவிடச் சிரமம் ஆகியவை வந்தால் நாளைப் பார்க்கலாம் என்று இருக்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

கழுத்து பலவீனமாகி, தலையைத் தூக்கி நிறுத்தவே சோர்வாக இருப்பதும் சிலருக்கு உண்டு. அது மருந்து தணியத் தணியத் தானாகவே சரியாகும். அதுவரை பயிற்சியைப் படுத்த நிலையிலேயே செய்யலாம்.

ஆறாம் படி: இரண்டாம் வாரம் முதல் எட்டாம் வாரம் வரை

சிகிச்சையின் மையப் பகுதி இதுதான். ஒரு பக்கத்து மாடு மட்டும் வலுத்து இழுத்துப் பழகிய வண்டியில், அந்த மாட்டை ஊசி தற்காலிகமாகத் தளர்த்தியிருக்கிறது. மறுபக்கத்து மாட்டைப் பழக்குவதற்கு இப்போதுதான் நேரம். எந்தத் தசையில் ஊசி போட்டார்கள் என்ற சீட்டைப் பிசியோதெரபிஸ்டிடம் காட்டினால்தான் எதைத் தளர்த்துவது, எதை வலுப்படுத்துவது என்று அவருக்குத் தெரியும். தலை வலப்பக்கம் திரும்பும் அதே நோயாளிக்கு, இடப்பக்க ஸ்ப்ளீனியஸும் வலப்பக்க ஸ்டெர்னோகிளிடோமாஸ்டாய்டும் உழைக்கப் பழக வேண்டும். அதாவது, இடப்பக்கம் தானே திரும்பும் ஒவ்வோர் அசைவும் பயிற்சியே.

முதலில் படுத்த நிலையில் தொடங்குங்கள். தாழ்ந்த தலையணையில் மல்லாந்து படுத்து, மேலே ஓடாமல் நிற்கும் மின்விசிறியின் நடுக்குமிழை மூக்குநுனிக்கு நேராகக் கொண்டுவாருங்கள். கண்களை மூடி, தலை நடுவில் இருப்பதாக உங்களுக்குத் தோன்றும் நிலைக்கு வந்து, கண் திறந்து சரிபாருங்கள். பல ஆண்டு கோணலுக்குப் பழகிய மூளைக்குக் கோணலே நேராகத் தோன்றும். அந்தத் தவற்றைக் கண்ணால் கண்டு திருத்துவதே இப்பயிற்சி. இது எளிதான பிறகு உட்கார்ந்தும், பிறகு நின்றும், கண்ணாடி முன் செய்யலாம்.

அடுத்தது எதிர்த்திசை அசைவு. முறுக்கு இழுக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் மெதுவாகத் திரும்பி, முடிந்த இடத்தில் 5 வினாடி நின்று, நடுவுக்கு வந்து அங்கே 5 வினாடி நில்லுங்கள். வேகமும் விறைப்பும் வேண்டாம். பல்லைக் கடித்து, தோளைத் தூக்கி, மூச்சை அடக்கிச் செய்தால், எந்த முறுக்கைக் குறைக்க வந்தோமோ அதையே கூட்டிவிடுவோம். நடுக்கம் அதிகமானால் நிறுத்தி, படுத்து, மீண்டும் தொடங்குங்கள். இறுகிய பக்கத்தை நீட்டும்போது, 20 முதல் 30 வினாடி வரை மெல்ல நீட்டினால் போதும். கையால் தலையைப் பிடித்து இழுக்கக் கூடாது. தோள்பட்டைகளைப் பின்னும் கீழும் கொண்டுவரும் பயிற்சியையும், தாடையைச் சற்று உள்ளிழுத்து நிறுத்தும் பயிற்சியையும் சேர்த்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் சரிந்த முதுகின் மேல் நேரான கழுத்தை நிறுத்த முடியாது.

வீட்டில் சலிப்பில்லாமல் செய்ய ஒரு வழி உண்டு. நெற்றிப்பட்டையில் சிறிய லேசர் சுட்டியைப் பொருத்திக்கொண்டு, எதிர்ச்சுவரில் ஒட்டிய தாளில் வரைந்த புள்ளிக் கோலத்தின் இழைகளை அந்த ஒளிப்புள்ளியால் தொடர வேண்டும். ஒளி யார் கண்ணிலும் படாமல், அறையில் குழந்தைகள் இல்லாதபோது செய்யுங்கள். நேர்கோடுகளில் தொடங்கி, சிக்குக் கோலத்துக்கு நகரலாம். தலை அடையும் துல்லியத்தைச் சுவரிலேயே காண முடிவதால், "நேராகத்தானே வைத்திருக்கிறேன்" என்ற வாதத்துக்கு இடமில்லை.

நேரத்தைப் பொறுத்தவரை, ஒருமுறை ஒரு மணி நேரம் என்பதைவிட, நாளுக்கு மூன்று முறை பத்துப் பத்து நிமிடம் என்பது பெரும்பாலோருக்குப் பொருந்தும். களைப்பு இந்நோயைக் கூட்டும். பிசியோதெரபிஸ்டிடம் வாரம் ஓரிருமுறை சென்று திருத்திக்கொண்டு, மீதியை வீட்டில் செய்யலாம். தொடுகைத் தந்திரத்தைத் தொடக்கத்தில் தயங்காமல் பயன்படுத்துங்கள்: தொட்டு நேராக்கி, பிறகு விரலை மெல்ல விலக்கி, தொடுவதாக எண்ணிக்கொண்டே எத்தனை வினாடி நிறுத்த முடிகிறது என்று பாருங்கள்.

நடைப்பயிற்சிக்குப் புதுச்சேரிக்காரர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. மாலையில் வண்டிகள் ஓடாத கடற்கரைச் சாலை வடக்குத் தெற்காக நீள்கிறது, கடல் கிழக்கே. தலை இடப்பக்கம் இழுப்பவர் டூப்ளே சிலைப் பக்கமிருந்து காந்தி சிலையை நோக்கி வடக்கே நடந்தால் கடல் வலப்பக்கம் இருக்கும். அலையைப் பார்க்கத் திரும்பும் ஒவ்வொரு முறையும் எதிர்த்தசை வேலை செய்யும். வலப்பக்கம் இழுப்பவர் வடக்கிலிருந்து தெற்கே நடக்க வேண்டும். திரும்பி வரும்போது பார்வையை நேரே வைத்துக்கொள்ளலாம். கடலூரில் தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரையிலும் இதே கணக்குதான். பேருந்தில் சன்னலோர இருக்கையைத் தேர்வதற்கும், வீட்டில் தொலைக்காட்சியை வைப்பதற்கும், கடையில் கல்லாவை எந்தப் பக்கம் போடுவது என்பதற்கும் இதையே பின்பற்றலாம்: பார்க்க வேண்டியவை, முறுக்கு இழுக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில் இருக்கட்டும். இருசக்கர வண்டி ஓட்டுவது பற்றி மட்டும், இருபக்கமும் திரும்பிப் பார்க்க முடிகிறதா என்று மருத்துவர் சோதித்துச் சொல்லும் வரை பொறுத்திருங்கள்.

வீட்டாருக்கும் ஒரு வேலை உண்டு. "தலையை நேரா வெச்சுக்கோம்மா" என்று நாளுக்கு நூறு முறை சொல்வது அக்கறையால்தான். ஆனால் அது மனஅழுத்தத்தைக் கூட்டி, தலையை இன்னும் இழுக்கச் செய்யும். அதற்குப் பதிலாக மாதம் ஒருமுறை காணொளி எடுத்துக் கொடுக்கலாம். இந்நோயோடு மனச்சோர்வும் பதற்றமும் சேர்ந்து வருவது மிகச் சாதாரணம். தூக்கம் கெட்டு, வெளியே போகவே கூச்சமாக இருந்தால், அதையும் மருத்துவரிடம் நோயின் பகுதியாகவே சொல்லுங்கள்.

ஏழாம் படி: ஐந்தாம் வாரச் சந்திப்பும் பன்னிரண்டாம் வாரமும்

பலர் தவறவிடும் சந்திப்பு இது. ஊசி போடும் நாளில் மட்டும் மருத்துவரைப் பார்த்தால், மருந்தின் பலன் வடிந்த கழுத்தையே அவர் எப்போதும் காண்கிறார். பலன் உச்சத்தில் இருக்கும் 4 முதல் 6 வாரத்துக்குள் ஒருமுறை சென்றால்தான் எந்தத் தசை சரியாகத் தளர்ந்தது, எது தப்பிவிட்டது என்று அவருக்குத் தெரியும். கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு 20 கிலோமீட்டருக்குச் சற்று மேல்தான் என்றாலும், ஊசி இல்லாமல் எதற்கு ஒரு நாள் கூலியை இழப்பது என்று பலர் வருவதில்லை. வர இயலாதவர்கள், அந்த வாரத்தில் எடுத்த காணொளியையும் பிசியோதெரபிஸ்ட் எழுதிய குறிப்பையும் பத்திரப்படுத்தி, அடுத்த ஊசியன்று முதலில் அதைக் காட்டுங்கள்.

ஒரு நோட்டுப் புத்தகத்தில் வாரம் ஒரு வரி எழுதினால் போதும்: வலி பத்துக்கு எத்தனை, நடுவில் எத்தனை வினாடி நிறுத்த முடிகிறது, பயிற்சி எத்தனை நாள் நடந்தது, விழுங்குவதில் சிரமம் உண்டா, முறுக்கு எந்த வாரத்தில் திரும்பியது. இந்தக் கடைசிச் செய்தியைத்தான் மருத்துவர் மிகவும் தேடுவார்.

எட்டாம் வாரத்துக்குப் பிறகு பலன் குறையத் தொடங்கும்போது பயிற்சியும் கைவிட்டுப்போவது வழக்கமாகக் காணும் குறை. அந்த நாள்களில் நேரத்தைக் குறைத்துக்கொண்டு, படுத்த நிலைப் பயிற்சிகளுக்குத் திரும்புங்கள். அறவே விட வேண்டாம். முறுக்கு சீக்கிரம் திரும்பிவிட்டது என்று 12 வாரத்துக்கு முன்பே அடுத்த ஊசியை வற்புறுத்தவும் கூடாது. அடிக்கடி போட்டால் உடல் அம்மருந்துக்கு எதிர்ப்பொருளை உண்டாக்கி, பிறகு அது வேலை செய்யாமலே போகலாம்.

முதல் ஊசியில் எதிர்பார்த்த பலன் வராதது தோல்வி அல்ல. மருத்துவர்கள் பெரும்பாலும் முதல் சுற்றில் அளவைக் குறைத்தே போடுகிறார்கள். சரியான தசைகளும் சரியான அளவும் பிடிபட இரண்டு மூன்று சுற்றுகள் ஆகலாம். மூன்றாம் சுற்றுக்குப் பிறகும் மாற்றமில்லை என்றால், மருத்துவரிடம் கேட்க வேண்டியவை உண்டு: தசைத் தேர்வு சரியா, கருவியின் துணையோடு போட்டார்களா, மருந்து குளிர்நிலை கெடாமல் வந்ததா, எதிர்ப்பொருள் உண்டாகியிருக்குமா, வேறு வகை டாக்ஸினுக்கு மாறலாமா. டிரைஹெக்சிஃபெனிடில், குளோனசெபாம், பேக்லோஃபென் போன்ற மாத்திரைகள் சிலருக்குத் துணையாக உதவும். வயதானவர்களுக்கு அவற்றில் சில மறதியையும் தள்ளாட்டத்தையும் தரும் என்பதால் தாமாகத் தொடங்கவோ நிறுத்தவோ கூடாது. இவை எல்லாம் முயன்றும் வாழ்க்கை முடங்கியே இருப்பவர்களுக்கு, மூளையின் பேலிடம் பகுதியில் மெல்லிய மின்கம்பிகளைப் பொருத்தும் ஆழ்மூளைத் தூண்டல் அறுவைசிகிச்சை இருக்கிறது. அதற்கான மதிப்பீட்டுக்குச் செல்லும்போதும், இத்தனை சுற்றுகளின் யூனிட் சீட்டுகளையும் காணொளிகளையும் நோட்டையும்தான் மருத்துவர்கள் முதலில் கேட்பார்கள்.